மகாகனம் பொருந்திய மதர்போர்டு தயாரிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கல்யாண ஆல்பம் வடிவமைப்பவன், சேர்வராயன் கோயில் போகும் வழி, ஏற்காடு.

பெறுநர்: மதர்போர்டு தயாரிக்கும் நிறுவனத்தார் அனைவரும்.

பொருள்: என் கிராபிக்ஸ் கார்டைத் தனிக்குடித்தனம் வைக்க அனுமதி வேண்டுதல்.

ஐயா,

என் கணினியில் ஓடுவது லினக்ஸ். ஆல்பம் வேலைக்கோ ஃபோட்டோஷாப் வேண்டும். அது லினக்ஸுக்கு வருவதில்லை. ஆகவே விர்ச்சுவல் மெஷினுக்குள் விண்டோஸைக் குடியேற்றி, இரண்டாவது கிராபிக்ஸ் கார்டை அதன் பேருக்கே எழுதிவைக்கத் துணிந்தேன். அதற்கான விஎஃப்ஐஓ வசதி 2012-லேயே லினக்ஸ் கர்னலின் 3.6 பதிப்பில் சேர்ந்துவிட்டது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த கார்டு, பெட்டிக்குள் இருக்கும் விண்டோஸைச் சேரத்தான் தங்கள் தயவு வேண்டியிருக்கிறது.

முதலில் பயாஸில் அனுமதி தேட வேண்டும். இன்டெல் போர்டில் அதன் பெயர் விடி-டி. ஏஎம்டி போர்டில் ஐஓஎம்எம்யூ. எந்த மெனுவின் எந்த மூலையில் ஒளிந்திருக்கும் என்பது தங்கள் சித்தம்.

கண்டுபிடித்து இயக்கினால், "குழு தகுதியாக இல்லை" என்று கைவிரிக்கிறது விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் க்யூஎம்யூ. அதைக் குறை சொல்ல முடியாது. எந்தச் சாதனம் நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று காவல் காப்பது ஐஓஎம்எம்யூ. இடையிலுள்ள பிசிஐ பாலத்தில், சாதனங்களுக்கு இடையே சுவர் எழுப்பும் ஏசிஎஸ் வசதி இல்லாவிட்டால், அதன் கீழே இருப்பவர்கள் காவலுக்குத் தெரியாமல் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் நடத்தக்கூடும். ஆகவே கர்னல் எல்லோரையும் ஒரே குழுவில் அடைக்கிறது. என் கார்டோடு லேன், யூஎஸ்பி, சாட்டா கண்ட்ரோலர் என்று பெரிய கூட்டுக்குடும்பம். கார்டை அனுப்பினால் ஹார்டு டிஸ்க்கும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். பிறகு லினக்ஸ் எங்கே குடியிருப்பது?

இங்கே மலைமேல் சேர்வராயரும் காவேரியம்மனும் ஒரே குகையில்தான் இருக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். என் கார்டை யார் கேட்டது?

ஏசிஎஸ் ஓவர்ரைடு என்றொரு பேட்ச் உண்டு. இல்லாத சுவரை இருப்பதாகக் கர்னலிடம் சத்தியம் செய்யும் வித்தை அது. அதிகாரபூர்வக் கர்னல் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எனக்கும் பொய்ச் சத்தியம் செய்யப் பயம். சேர்வராயர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்.

மனம் மாறியவர்களும் உண்டு. முன்பெல்லாம் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பதை மோப்பம் பிடித்தால், என்விடியாவின் ஜீஃபோர்ஸ் டிரைவர் பிழை 43 என்று படுத்துக்கொள்ளும். 2021 மார்ச்சில் என்விடியா புதிய டிரைவரில் அந்தத் தடையை நீக்கியது. கார்டில் ஒரு திருகுகூட மாறவில்லை.

தாங்களோ பெட்டியின் மேல் எத்தனை வண்ணத்தில் விளக்கெரியும் என்று அச்சிடுகிறீர்கள். எந்த ஸ்லாட் எந்தக் குழுவில் என்பதை, போர்டை வாங்கி லினக்ஸை ஏற்றிய பிறகே நாங்கள் அறிகிறோம். விற்பவருக்கு இது வசதி, வாங்குபவனுக்குத் தண்டம்.

ஆகவே கையேட்டில் குழுப் பட்டியலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குமாறும், இரண்டாவது ஸ்லாட்டுக்கும் ஏசிஎஸ் அருளுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். விளக்கு எரியாவிட்டாலும் பரவாயில்லை.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள வாடிக்கையாளன்