ஆத்துல இறங்கினாலும் அளந்து இறங்கு

வா மாப்ளே, உக்காரு. மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கியாம். ரயில்ல கீழ் பெர்த்துக்கு அலையிற வயசுல தண்ணியில பாயப் போறேன்னா மாமனுக்குச் சந்தோஷம்தான். 25 வயசு தாண்டினவங்க யாரும் மோதலாம், அஞ்சஞ்சு வயசுக்கு ஒரு பிரிவுன்னாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா கழுத்துல இருந்து முழங்கால் வரைக்கும் இழுத்து மூடுற சூட்டா வாங்கப் போறேன்னு எம் மககிட்டச் சொன்னியாமே? அங்கதான்யா வழுக்குறே.

விதிப் புத்தகத்தைப் பேத்தி வாசிச்சா, நான் காதைக் குடுத்தேன். நீச்சல் குளத்துப் போட்டியில ஆம்பளை சூட் தொப்புளுக்கு மேல ஏறக் கூடாது, முழங்காலுக்குக் கீழ இறங்கக் கூடாது. பொம்பளை சூட் கழுத்தை மூடக் கூடாது, தோளைத் தாண்டக் கூடாது, அதுவும் முழங்காலோட நிக்கணும். ஜிப்பு கிடையாது. ஆம்பளைக்கு இடுப்புல ஒரு நாடா மட்டும் சலுகை. ஒண்ணுக்கு மேல ஒண்ணு போட்டு ஏமாத்தவும் வழி இல்ல. 2010 ஜனவரி 1ல இருந்து இதுதான் சட்டம். இளவட்டத்துக்கு எந்த அளவோ, மாஸ்டர்ஸுக்கும் அதே அளவு. ஆக, உன் தொந்தியை ஊர் பாக்கணும்ங்கிறது சர்வதேச ஏற்பாடு. நீயும் நானும் என்ன செய்ய முடியும்?

சிரிக்காதே, இதுக்கு ஒரு கதை இருக்கு. 2008ல ஸ்பீடோ கம்பெனி எல்இசட்ஆர் ரேசர்னு ஒரு சூட் கொண்டாந்துச்சு. நாசாவோட காத்துக் குகையில துணியைச் சோதிச்சுப் பாத்துத் தைச்சதாம். அதைப் பாத்து மத்த கம்பெனிக்காரங்க முழுக்க முழுக்க பாலியூரித்தேன்லயே இறக்கிட்டாங்க. உடம்பை இறுக்கிப் பிடிக்கும், தண்ணி மேல தூக்கிக் குடுக்கும். 2009ல ரோம் நகரத்துல உலகப் போட்டி. அங்க மட்டும் 43 உலக சாதனை உடைஞ்சுது. ஜெர்மனிக்காரர் பால் பீடர்மான் 200 மீட்டர்ல மைக்கேல் ஃபெல்ப்ஸையே முந்தினார். 400 மீட்டர்ல இயன் தோர்ப்போட சாதனையை ஒரு விநாடியில நூத்துல ஒரு பங்குல உடைச்சார். அந்த 400 மீட்டர் கணக்கைத் தீர்க்க 2025ல இன்னொரு ஜெர்மனிக்காரர், லூக்காஸ் மார்ட்டென்ஸ், வர வேண்டியிருந்துச்சு.

இந்தச் சூட்டால ஆதாயம் சிக்குன்னு இருந்தவனுக்கு மட்டும்னு நினைக்காதே. சதை தளர்ந்து, வயிறு சரிஞ்சு, நடு வழியில இடுப்பு கீழ போற உன்னை மாதிரி ஆளுக்குத்தான் அது அள்ளிக் குடுத்துச்சு. மாஸ்டர்ஸ்காரங்க அதைப் பிரிஞ்சு எவ்வளவு ஏங்கியிருப்பாங்கன்னு நினைச்சாலே எனக்குக் கண்ணு கலங்குது.

சம்மேளனம் முழிச்சுக்கிச்சு. அப்ப அதுக்குப் பேர் ஃபினா, இப்ப வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ். நெய்த துணி மட்டும்தான், கனம் 0.8 மில்லிமீட்டருக்கு மேல கூடாது, மிதக்க வைக்கிற விசை 0.5 நியூட்டனுக்கு மேல கூடாதுன்னு அடிச்சு எழுதினாங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்ம ஆளுங்க சொன்னதை, ஆத்துல இறங்கினாலும் அளந்து இறங்குன்னு அவங்க மாத்திக்கிட்டாங்க. அதுவரைக்கும் சரி. துணி கூடினா வேகம் கூடும், அதனால துணியைக் குறைக்கணும். நியாயம்தானே?

இப்பக் கொஞ்சம் யோசி. துணி குறையணும்னு ஒரு கத்திரி கிளம்புச்சு. ஆம்பளை மேல மேஞ்சு மேஞ்சு தொப்புள் வரைக்கும் வெட்டுச்சு. பொம்பளைகிட்டப் போனதும் தோளோட நின்னுக்கிச்சு. ஏன்? நெஞ்சுத் துணியால வேகம் கூடாதா? கூடும். ஆனா அந்த இடத்துல வேகச் சட்டம் வெட்கத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கிச்சு. அதைச் சட்டத்துல எழுதல. நியூட்டன், மில்லிமீட்டர்னு கணக்குப் போட்டவங்க, இதுக்கு மட்டும் கணக்குக் காட்டல. ஆம்பளையும் பொம்பளையும் ஒருத்தரோட ஒருத்தர் மோதுறதில்லையே, அளவு வேற வேறயா இருந்தா என்னன்னு கேப்பே. 2015ல கசான் உலகப் போட்டியில இருந்து ரெண்டு ஆணும் ரெண்டு பெண்ணும் சேந்து நீந்துற ரிலே வந்துருச்சு. 2021ல டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் வந்துருச்சு. ஒரே அணி, ஒரே தடம், சட்டம் ரெண்டு.

உடம்புல எது வெட்கம்னு தீர்மானிச்சது எப்பவும் கரையில நின்னவன்தான் மாப்ளே. 1912 ஸ்டாக்ஹோம்லதான் பெண்களுக்கு ஒலிம்பிக் நீச்சல் தொடங்குச்சு. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கம், ஆம்பளைங்க பாக்குற இடத்துல எங்க பொண்ணுங்க போட்டி போடக் கூடாதுன்னு விதி வச்சிருந்துச்சு. ஊர் சத்தம் போட்டபிறகுதான் ஃபேனி டுராக்கும் மினா வைலியும் கப்பலேறினாங்க. போய் முதலிடமும் ரெண்டாமிடமும் அடிச்சாங்க. அந்தக் காலத்துல ஆம்பளையும் நெஞ்சை மூடித்தான் நீந்தினான். 1930கள்லகூட அமெரிக்கக் கடற்கரையில மேல்துணி இல்லாம நின்ன ஆம்பளைங்களைப் போலீஸ் பிடிச்சுது. அன்னைக்கு மறைக்கலைன்னா குத்தம், இன்னைக்கு மறைச்சா தகுதி நீக்கம். நெஞ்சு என்னவோ அதே நெஞ்சுதான்.

1932 லாஸ் ஏஞ்சலஸ்ல கிளேர் டென்னிஸ்னு ஒரு பொண்ணு மேல, தோள்பட்டை எலும்பு ரொம்பத் தெரியுதுன்னு புகார். தப்பிச்சு வந்து தங்கம் வாங்கினா. 1973 பெல்கிரேடுல கிழக்கு ஜெர்மனிப் பெண்கள் முன்பக்கப் பாவாடைத் துண்டு இல்லாத, தோலோட ஒட்டின சூட்டுல வந்தாங்க. மத்தவங்க முகம் சுளிச்சாங்க. 14 போட்டியில 10 தங்கம் போனதும், சுளிச்சவங்களும் அதே சூட்டைத் தேடிப் போனாங்க. கிழக்கு ஜெர்மனியோட மருந்துக் கதை பின்னால வெளிவந்துச்சு, அது வேற. ஆனா தங்கத்தைப் பாத்ததும் வெட்கம் எவ்வளவு சுருக்கா வழிவிடுதுன்னு கவனிச்சியா?

விதியில இன்னொரு வேடிக்கை. மேல எவ்வளவு மூடலாம்ங்கிறதுக்குத் தொப்புள், தோள், முழங்கால்னு அடையாளம் வச்சிருக்கான். எவ்வளவு குறைக்கலாம்ங்கிறதுக்கு? உள்ள தெரியக் கூடாது, நல்ல ரசனையோட இருக்கணும், அவ்வளவுதான். ஒத்துவரலைன்னா நடுவர் வெளிய அனுப்பலாம். யாரோட ரசனைன்னு கேட்டா பதில் இல்ல. 2021 ஜூலையில நார்வே கடற்கரை ஹேண்ட்பால் பெண்கள், பிகினிக்குப் பதிலா டவுசர் போட்டதுக்கு 1,500 யூரோ அபராதம் கட்டச் சொன்னாங்க. அதே மாசம் பிரிட்டன்ல ஒரு பாராலிம்பிக் வீராங்கனைகிட்ட, உன் டவுசர் ரொம்பச் சின்னதுன்னு ஒரு அதிகாரி சொன்னார். கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. எம் மக கடையில சூட்டைக் கையில வச்சுக்கிட்டு ஏன் அவ்வளவு நேரம் நிக்கிறான்னு கேட்டியே, இதுக்குத்தான்யா.

உனக்கு ஒரு ஆறுதல் தேடிப் பாத்தேன். அமெரிக்க மாஸ்டர்ஸ் அமைப்புல மத நம்பிக்கைக்கும் மருத்துவக் காரணத்துக்கும் விலக்குக் குடுக்குறாங்க. தொந்திக் கூச்சத்துக்கு விலக்கு எந்தப் பக்கத்துலயும் இல்ல. எதுக்கும் உன் கூச்சத்தை ஒரு மதமாப் பதிவு பண்ண முடியுமான்னு வக்கீலைக் கேட்டுப் பாரு.

இல்லைன்னா கடலுக்குப் போ. நிசமாத்தான் சொல்றேன். திறந்த நீர் நீச்சல்னு ஒண்ணு இருக்கு, கடல்லயும் ஏரியிலயும் நடக்குது. அங்க அதே சம்மேளனத்தோட விதி என்ன தெரியுமா? ஆணும் பெண்ணும் கழுத்தை மூடக் கூடாது, தோளைத் தாண்டக் கூடாது, கணுக்காலுக்குக் கீழ போகக் கூடாது. ரெண்டு பேருக்கும் ஒரே வரி. அங்க எழுதத் தெரிஞ்ச கைக்கு, குளத்துல எழுத மட்டும் ஏன் நடுக்கம்? அந்த வரியைப் பேத்து இங்க நட்டு, தோள்ல இருந்து முழங்கால் வரைக்கும் அவங்கவங்க இஷ்டம்னு விட்டா தீந்துச்சு. துணியோட கனத்தை அளக்கட்டும், மிதப்பை அளக்கட்டும். அதை யாரும் வேணாங்கல.

ஆனா மாப்ளே, இந்த யோசனையை எம் மக காதுல மட்டும் போட்டுறாதே. அப்படி ஒரு சட்டம் வந்துச்சுன்னா, ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால உன்னை அந்தச் சூட்டுக்குள்ள திணிக்கிற வேலை அவ தலையிலதான் விழும். இப்ப இருக்கிற சட்டமே போதும்னு சம்மேளனத்துக்கு முதல் மனு போடுறவ அவளாத்தான் இருப்பா.