தினம் ஒரு வார்த்தை, திணறும் லண்டன்

லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இங்கே மழை. இந்த இரண்டையும் எழுதாமல் லண்டனிலிருந்து கடிதம் போடக் கூடாது என்பது மரபு.

இங்கே வருவதற்காக, உன் போன் காட்டும் ஆங்கில வார்த்தையைத் தினம் ஒன்றாக மனப்பாடம் செய்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்ல பழக்கம்தான். ஆனால் வார்த்தை, உண்டியலில் போட்ட காசு மாதிரி போட்ட இடத்தில் கிடக்காது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனை எலியாக்கிக் கண்டறிந்ததை 1885-இல் வெளியிட்டார்: மனப்பாடம் செய்ததைத் திரும்பப் பார்க்காவிட்டால் ஒரே நாளில் பெரும்பகுதி கரைந்துவிடும். அவர் படித்தது அர்த்தமில்லாத அசைகள், நான் படிப்பது அர்த்தமுள்ள வார்த்தைகள் என்பாய். நியாயம்தான். ஆனால் யாரும் பேசாத, எங்கும் கண்ணில் படாத வார்த்தைக்கும் அர்த்தமில்லாத அசைக்கும் மூளை பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை.

இந்த ஊரில் ஆளைத் திணறடிப்பவை பெரிய வார்த்தைகள் அல்ல. ஒன்றாம் வகுப்பிலேயே படித்து முடித்துவிட்டதாக நாம் நினைக்கும் பொடி வார்த்தைகள். குப்பை வண்டி வருவதற்கு முந்தின இரவு தொட்டியை வாசலில் வைத்தால் அது ‘புட் அவுட்’. தீயணைப்புக்காரர் நெருப்பை அணைத்தால் அதுவும் ‘புட் அவுட்’. மூக்கறுபட்ட பக்கத்து வீட்டுக்காரர் மனம் சுணங்கி நின்றால் அவரும் ‘புட் அவுட்’. தொட்டியை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று புரியாதவன் அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அகராதி ஜாமீனுக்கு வராது. சி.கே. ஆக்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1930-இல் 850 வார்த்தைகளுக்குள் ஆங்கிலத்தை அடக்கி ‘பேசிக் இங்கிலீஷ்’ என்று பெயரிட்டார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18. கேட்கச் சுகமாக இருக்கிறது அல்லவா? மற்ற வினைகளின் சுமையெல்லாம் அந்தப் பதினெட்டின் தலையில்தான் விழுந்தது. அவை அப், ஆஃப், அவுட் என்று கூட்டணி மாறும்போதெல்லாம் பொருளும் கட்சி மாறும். பட்டியல் சுருங்கியது, படிப்பு சுருங்கவில்லை.

கடினமான வார்த்தை பேசினால்தானே மதிப்பார்கள் என்று கேட்பாய். இங்கே ‘பிளெய்ன் இங்கிலீஷ் கேம்பெய்ன்’ என்று ஓர் இயக்கம் 1979 முதல் இருக்கிறது. யாருக்கும் புரியாமல் எழுதும் அலுவலகங்களுக்கு ‘கோல்டன் புல்’, அதாவது தங்கக் காளை, என்ற கேலிப் பரிசையே அது கொடுத்திருக்கிறது. நம் ஊர்க் காளைக்கு உள்ள கௌரவம் இந்தக் காளைக்குக் கிடையாது.

பரீட்சைக்கும் பத்திரிகை படிப்பதற்கும் பெரிய வார்த்தை வேண்டாமா? வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதைப் போன் தேர்ந்தெடுக்க வேண்டாம். நீ படிப்பதிலிருந்து நீயே எடு. ஒரே வாரத்தில் இரண்டு முறை எதிர்ப்பட்ட வார்த்தை, மூன்றாம் முறையும் வரும். அதைப் படித்தால் வீண்போகாது. மற்ற நாட்களில் பொடி வார்த்தைகளை அவற்றின் கூட்டாளிகளோடு சேர்த்துப் பிடி. உன் விசா வருவதற்குள் ‘கெட்’ ஒன்றை மட்டும் முடித்துவிட்டாலே போதும். ஆனால் விசா முந்திக்கொண்டு வந்துவிடும் என்பது என் கணிப்பு.

அன்புடன்,
அண்ணன்