பேச்சாளர் ஆகாமலே பத்து வருடம் கிளப்பில் இருப்பது எப்படி?

மீட்டிங் ஐந்தரைக்கு என்றால் வீட்டிலிருந்து ஐந்து நாற்பதுக்குக் கிளம்புகிறவரா நீங்கள்? வாருங்கள், உட்காருங்கள். பாதி வேலை முடிந்துவிட்டது. மீதியை நான் சொல்லித் தருகிறேன்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1924 அக்டோபர் 22 அன்று, கலிஃபோர்னியாவின் சாந்தா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் கூட்டிய கூட்டத்தில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிக் கிளப் தொடங்கியது. மனிதர் வைத்த ஏற்பாடு பொல்லாதது. ஒருவர் பேச வேண்டும். இன்னொருவர், அதாவது எவால்யுவேட்டர், கவனித்துக் கேட்டு, எது எடுபட்டது, எதை மாற்றலாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நூறு வருடம் தாண்டியும் சென்னையிலும் கோவையிலும் இதேதான் நடக்கிறது. தமிழிலேயே நடக்கும் கிளப்புகளிலும் இதேதான். நேரம் பார்க்க டைமர், 'ஆ... ம்...' எண்ண ஆ கவுன்ட்டர், மொழியைக் கவனிக்க கிராமேரியன், இவர்கள் எல்லோரையும் எடைபோட ஜெனரல் எவால்யுவேட்டர். எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னேறிவிடும் அபாயம் இருக்கிறது. இத்தனையையும் சமாளித்து, சேர்ந்த அன்று பேசிய மாதிரியே பத்தாவது வருடமும் பேச வேண்டுமென்றால் முறையான பயிற்சி வேண்டும்.

1. ரோலுக்குப் பெயர் கொடுங்கள். பிறகு காணாமல் போங்கள்.

திங்கட்கிழமை காலை கிளப்பின் வைஸ் பிரசிடென்ட் எஜுகேஷன் வாட்ஸப் குரூப்பில் பட்டியல் போடுவார். 'ஸ்பீக்கர் 1, ஸ்பீக்கர் 2, எவால்யுவேட்டர் 1...' என்று வரிசையாக, பக்கத்தில் காலி இடம் விட்டு. உடனே பதில் போடாதீர்கள். புதன்கிழமை வரை நாற்பது பேரும் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். அவர் 'ஃபிரண்ட்ஸ், ப்ளீஸ்' என்று ஆரம்பித்து, கைகூப்பும் பொம்மை போட்டு, கடைசியில் ஒவ்வொருவராகப் போன் செய்யும் நிலைக்கு வரட்டும். வியாழக்கிழமை இரவு நீங்கள் எழுந்து நில்லுங்கள்: 'ஸ்பீக்கர் 1 நான் எடுத்துக்கறேன்.' பதினோரு பேர் கைதட்டுவார்கள். பேசாமலே வாங்கிய இந்தக் கைதட்டலை வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டிங் நாளான சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அடுத்த செய்தி: 'சாரி ஆல், சடன் ஃபேமிலி எமர்ஜென்சி.' காலையிலேயே சொல்லிவிடாதீர்கள், அவர் வேறு ஆள் பிடித்துவிடுவார். ஐந்தேகாலுக்கும் சொல்லாதீர்கள், அது நாகரிகமில்லை. மூன்று மணிதான் சரி. எமர்ஜென்சி என்னவென்று விவரிக்க வேண்டாம். யாரும் கேட்க மாட்டார்கள், 'டேக் கேர்' என்றுதான் வரும். ஒரே ஒரு கவனம்: அன்று இரவு சினிமா தியேட்டர் பாப்கார்னை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். வைப்பீர்கள் என்று தெரியும். கிளப் ஆட்களுக்குத் தெரியாமல் மறைத்தாவது வையுங்கள்.

2. ஐஸ் பிரேக்கரைப் பிறப்பிலிருந்து தொடங்குங்கள்.

முதல் பேச்சு. உங்களைப் பற்றிச் சொல்ல நான்கிலிருந்து ஆறு நிமிடம். வாழ்க்கையில் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு பேசினால் ஆள் யாரென்று எல்லோருக்கும் பிடிபட்டுவிடும். ஆகவே வேண்டாம். 'நான் பிறந்தது கும்பகோணம் பக்கத்தில்' என்று தொடங்கி, எல்.கே.ஜி., யு.கே.ஜி., படித்த பள்ளிகள், மாறிய வாடகை வீடுகள் என்று போய்க்கொண்டே இருங்கள். ஆறாவது நிமிடம் டைமரின் சிவப்பு அட்டை எழும்போது ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சையில் நிற்க வேண்டும். 'மீதியை அடுத்த பேச்சில் சொல்கிறேன்' என்று முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த பேச்சு வராது.

3. அட்டையைப் பார்க்காதீர்கள்.

வழக்கமான பேச்சுக்கு ஐந்தாவது நிமிடம் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. போட்டியென்றால் ஏழரையைத் தாண்டியதும் தகுதி போயிற்று. டைமர் என்னவோ பின் பெஞ்சில் உட்கார்ந்து அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். நீங்கள் ஜன்னலைப் பார்த்துப் பேசுங்கள். நம் அரசியல் மேடையில் தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பினால், பேசுகிறவர் அதையும் வாசித்துக் காட்டிவிட்டு இன்னும் அரை மணி நேரம் பேசுவார். அந்தப் பரம்பரை நாம். 'டைமர் முறைக்கிறார், ஆனாலும் இதைச் சொல்லாம விட்டா நல்லா இருக்காது' என்று ஒரு வரி போட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுத் தொடருங்கள். உங்களுக்கு அடுத்துப் பேச வேண்டியவர், இரண்டு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று தயார் செய்தவர், தன் பேச்சிலிருந்து எந்தப் பத்தியை வெட்டலாம் என்று பேனாவால் அடித்துக்கொண்டிருப்பார். வெட்டக் கற்றுக்கொள்வதும் நல்லதுதானே.

4. டேபிள் டாபிக்ஸுக்கு ஒரு கதை போதும்.

திடீர்த் தலைப்பு, ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். கேள்வியைக் கேட்டு, அதற்குப் பதில் யோசிப்பது கஷ்டமான வேலை. பசுவைப் பற்றி எழுதச் சொன்னால் அதைக் கொண்டுபோய்த் தென்னை மரத்தில் கட்டிவிட்டு, தெரிந்த தென்னை மரக் கட்டுரையை எழுதிய பையன்தான் உங்கள் குரு. உங்களிடம் மணாலி டூர் கதை ஒன்று இருக்கிறது. 'கால இயந்திரம் கிடைத்தால் எங்கே போவீர்கள்?' மணாலிக்கு, அந்த டூருக்கே. 'தோல்வி உங்களுக்குக் கற்றுத்தந்தது என்ன?' மணாலியில் பஸ்ஸைத் தவறவிட்டோம். 'உங்களுக்குப் பிடித்த ருசி?' மணாலியில் சாப்பிட்ட மேகி. தொடக்கத்தில் கேள்வியை இரண்டு தடவை திருப்பிச் சொல்லி, 'வெரி இன்ட்ரஸ்டிங் க்வெஸ்சன்' என்று சேர்த்தால் இருபது நொடி ஓடிவிடும். அன்றைய சிறந்த பதிலுக்கான ரிப்பனும் கிடைக்கும். புதிதாக வந்தவர்களுக்கு மணாலி கதை தெரியாதல்லவா?

5. எவால்யுவேஷன் செய்யும்போது எதையும் கவனித்துவிடாதீர்கள்.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மற்ற படிகளில் கெடுவது நீங்கள் மட்டும். இதில் இன்னொருவரையும் சேர்த்துக் கெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது.

உங்களுக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம். முதலில் பாராட்டு, நடுவில் திருத்தம், கடைசியில் பாராட்டு என்று சாண்ட்விச் முறை ஒன்று சொல்லித் தந்திருப்பார்கள். நடுவில் பெயருக்கு ஒன்றை வைத்தால் போதும். கீழே உள்ளதை மனப்பாடம் செய்துகொண்டால் எந்தப் பேச்சுக்கும் பொருந்தும், பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை:

'இந்தத் தலைப்பை எடுத்ததுக்கே முதல்ல ஒரு கைதட்டல். ஓப்பனிங் பிரமாதம். ஐ கான்டாக்ட் நல்லா இருந்தது. பாடி லாங்குவேஜ் சூப்பர். ஒரே ஒரு சின்ன சஜஷன், வாய்ஸ் மாடுலேஷன்ல இன்னும் கொஞ்சம் வேரியேஷன் கொடுக்கலாம். மொத்தத்துல, ஆஸம் ஸ்பீச்!'

ஓர் எடுத்துக்காட்டு. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, தன் அப்பாவின் சைக்கிள் கடையைப் பற்றிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு காகிதம். பேசப் பேச அதை மடித்துக்கொண்டே வருகிறார். பாதி, கால், அரைக்கால். கடையை மூடிய நாளுக்கு வரும்போது காகிதம் தீப்பெட்டி அளவுக்கு ஆகிவிட்டது. குரல் ஒரு கணம் அடைக்கிறது. கடைசிப் பத்தியை விட்டுவிட்டு, நான்கரை நிமிடத்திலேயே 'தேங்க் யூ' சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். அந்தக் கடைசிப் பத்திதான் பேச்சு. 'நீங்கள் விட்ட இடத்தில் இரண்டு நொடி நின்று மூச்சு வாங்கியிருந்தால் சொல்லி முடித்திருப்பீர்கள், அடுத்த தடவை அங்கேயே நில்லுங்கள், நாங்கள் காத்திருப்போம்' என்று யாராவது ஒருவர் சொன்னால், அந்தப் பெண்மணி ஆறு மாதத்தில் எங்கே போயிருப்பார் என்று சொல்ல முடியாது.

அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே அந்த நான்கரை நிமிடமும் போனைப் பாருங்கள். எழுந்து, 'பாடி லாங்குவேஜ் சூப்பர்' என்று சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, மூத்த உறுப்பினர்களுக்கு ஏற்றது. 'நானா இருந்தா இப்படி ஆரம்பிச்சிருப்பேன்' என்று எழுந்து, அவருடைய அப்பாவின் கடையை விட்டுவிட்டு உங்கள் அப்பாவின் ரேடியோவைப் பற்றிப் பேசுங்கள். பெஸ்ட் எவால்யுவேட்டர் ரிப்பன் உறுதி.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முதல் பேச்சுக்கு வந்த கருத்துகளை வைத்து அடுத்த பேச்சைத் திருத்திப் பேச வேண்டும் என்று பாத்வேஸ் பாடத்திட்டத்தின் முதல் நிலையிலேயே ஒரு புராஜெக்ட் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கருத்தே சொல்லவில்லை என்றால் திருத்த என்ன இருக்கிறது? அடுத்த வாரம் அந்தப் பெண்மணி வரமாட்டார். வைஸ் பிரசிடென்ட் மெம்பர்ஷிப் விசாரிப்பார். 'ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி' என்று பதில் வரும். அதற்கு நீங்கள் ஒரு கட்டை விரல் போடுங்கள்.

6. ஆ கவுன்ட்டர் ரோல் கிடைத்தால், நண்பருக்கு மூன்று, பிடிக்காதவருக்குப் பத்தொன்பது. உங்களுடைய 'வந்து'க்களை எண்ண வேண்டாம்.

7. பொருளோடு மேடை ஏறுங்கள்.

உலகச் சாம்பியன்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும், சரிதான். 2014இல் கோலாலம்பூரில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் உலகப் பேச்சுப் போட்டியில் வென்ற இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி கையில் ஒரு ரோஜா இருந்தது. அடுத்த வருடம் வென்ற சவூதிக்காரர் முகமது கஹ்தானி, மேடைக்கு வந்ததும் சிகரெட்டைப் பற்றவைக்கப் போகிற மாதிரி நின்றார். அவர்கள் மாதக்கணக்கில் ஒரே பேச்சைக் கிளப் கிளப்பாகக் கொண்டுபோய்ப் பேசிப் பேசித் தேய்த்திருப்பார்களே என்றெல்லாம் யோசித்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ரகசியம் பொருளில்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து குக்கர் விசிலைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். 'வாழ்க்கையும் ஒரு குக்கர்தான்' என்று தொடங்குங்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏழு நிமிடமும் வலது கையில் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.

8. ஜூன் மாதத்துக்குக் காத்திருங்கள்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அதற்குள் கிளப் இத்தனை இலக்குகளை எட்டினால் அங்கீகாரம் என்று கணக்கு இருக்கிறது. ஆகவே பதினொரு மாதம் தூங்குங்கள். ஜூன் மூன்றாவது வாரத்தில் 'ஸ்பீச் மாரத்தான்' என்று ஒன்று வரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து இரவு வரை ஆன்லைனில் பேச்சு மேல் பேச்சு. நீங்கள் பேசும்போது உங்கள் எவால்யுவேட்டர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் பேசும்போது நீங்கள் சாப்பிடலாம். கேமரா அணைந்திருக்கும், ரசம் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரே நாளில் ஒரு நிலை முடியும். பாத்வேஸின் இரண்டு பாதைகளை ஐந்து ஐந்து நிலைகளாக முடித்து, பதவி, மென்ட்டரிங் என்று மீதி நிபந்தனைகளையும் ஒப்பேற்றினால் டிஸ்டிங்குவிஷ்ட் டோஸ்ட்மாஸ்டர். பெயருக்குப் பின்னால் டி.டி.எம். போட்டுக்கொள்ளலாம். நியாயமாகச் சம்பாதித்தவர்களும் அதே மூன்று எழுத்தைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, நீங்கள் மைக்கைப் பிடிக்கும் வரை.

எச்சரிக்கை.

இவ்வளவு செய்தும் சிலருக்குப் பேச்சு வந்துவிடுகிறது. வருடக்கணக்கில் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் காது சும்மா இருக்காது போலிருக்கிறது. சித்தப்பா பையன் கல்யாண வரவேற்பில் திடீரென்று மைக்கை நீட்டுவார்கள். நீங்கள் ஒரு சம்பவத்தைச் சொல்லி, இரண்டு நிமிடத்தில் முடித்து, கீழே இறங்கியிருப்பீர்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர், 'நல்லா பேசினீங்க தம்பி, அந்தச் சம்பவம் நிஜமாவே நடந்ததா?' என்று கேட்பார். இப்படி ஒரு தடவை நடந்தால் தற்செயல். இரண்டாவது தடவையும் நடந்தால் தாமதிக்காதீர்கள். ஏரியா டைரக்டர் பதவிக்குப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு கிளப்புக்கும் வருடத்தில் இரண்டு தடவையாவது போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அதற்கப்புறம் மேடையில் நீங்கள் வாசிப்பது அறிவிப்புகள் மட்டும்தான். பேச்சுக்கு நேரமே இருக்காது.