நாய் இல்லாத நாய் வைத்தியர்

எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் இவர் இருப்பார். மின்வாரியத்திலோ வங்கியிலோ ஓய்வு பெற்றவர். சொந்தமாக நாய் கிடையாது. வீட்டம்மா சம்மதிக்கவில்லை, பூச்சி வருமாம். அதனால் குடியிருப்பில் இருக்கிற அத்தனை நாய்களின் வயிற்றுக்கும் இவரே பொறுப்பு.

காலையில் லிஃப்ட் வாசலில் நிற்பார். நாயோடு வருகிறவர் வணக்கம் சொன்னால் காதில் விழாது. கண் நாயின் வாலடியில் இருக்கும்.

"பூச்சி மாத்திரை போட்டாச்சா?"

"குட்டி சார், பிறந்து ஒரு மாசம்தான் ஆகுது. வயிறு பாருங்க, நல்லா சாப்பிடறான்!"

"அது சாப்பாடு இல்லை, பூச்சி. தாய் வயித்துலேர்ந்தே வந்திருக்கும்."

எரிச்சல் என்னவென்றால், சொல்வது சரி. உருண்டைப் புழு கருவிலேயே குட்டிக்குத் தொற்றும், பாலிலும் வரும். அதனால்தான் டாக்டர்கள் பிறந்த 2 வாரத்திலேயே மருந்தைத் தொடங்கி, 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவையும் கொடுக்கச் சொல்கிறார்கள். அள்ளாமல் விட்டுப்போன நாய்க் கழிவுக்காக இவர் போடும் சண்டையும் நியாயமானதே. புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில் கிடந்து, விளையாடும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும்.

இதோடு நிறுத்திக்கொண்டால் இவருக்குச் சிலையே வைக்கலாம். நிறுத்த மாட்டார். மருந்துக்கு எடை பார்க்க வேண்டுமென்று மூன்றாம் மாடி அம்மாளைக் குட்டியோடு எடை மிஷினில் ஏற்றினார்; பிறகு குட்டியில்லாமல் ஏற்றினார்; கழித்தலை உரக்கப் போட்டார். குட்டி நாலு கிலோ என்று தெரிந்தது. கூடவே, தெரியக் கூடாததும் ஐந்து மாடிக்கும் தெரிந்துவிட்டது.

இன்னொரு வீட்டு நாயின் வாலடியில் அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தார். "நாடாப்புழுத் துண்டு!" முகத்தில் லாட்டரி விழுந்த பிரகாசம். "பிஸ்கட்டை நிறுத்துங்க. இனிப்புதான் காரணம்." பாவம் பிஸ்கட்! நாய் தன் மேல் ஊரும் தெள்ளுப்பூச்சியைக் கடித்து விழுங்குவதால் வருவது அது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால், போன புழு திரும்பி வரும்.

மாத்திரையை இட்லிக்குள் ஒளித்துக் கொடுக்கச் சொன்னதும் இவர்தான். நாய் இட்லியைத் தின்றுவிட்டு, மாத்திரையைத் துடைத்து வைத்தாற்போல் தரையில் வைத்தது. உடனே அடுத்த வைத்தியம்: நாலு பல் பூண்டைத் தட்டித் தயிர் சாதத்தில் பிசைவது. பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். புழு பாட்டுக்குச் சௌக்கியமாக இருக்கும்.

உங்கள் குடியிருப்பிலும் இவர் பூண்டோடு வந்து கதவைத் தட்டினால், சண்டை போடாதீர்கள். வாங்கி ரசத்தில் போட்டுவிட்டு, நாயைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.