அப்பவே சார்

படம் முடிந்து விளக்கு போடுவதற்குள் அப்பவே சாரின் கை மேலே போய்விடும். எட்டு நிமிஷக் குறும்படம். அடையாறில் அம்மாவின் ஃப்ளாட்டையே லொகேஷனாக்கி, செத்துப்போன பாட்டியின் குரலில் 'சாப்டியா?' என்று கேட்கும் ஒரு மொபைல் ஆப்பை வைத்துப் பையன் எடுத்திருக்கிறான். மைக் வரும்வரை சார் காத்திருக்க மாட்டார். மயிலாப்பூர் சபாக்களின் பின் வரிசையில் பழுத்த குரல் அது.

"கேள்வி இல்லை தம்பி, ஒரு தகவல். இதை சுஜாதா அப்பவே எழுதிட்டார்."

"அப்படியா சார்? எந்தக் கதை?"

"பேர் சட்டுனு வரலை. எழுபத்தெட்டா, எண்பத்தெட்டா... குமுதமா, சாவியா... ஜெயராஜ் படம் போட்டிருந்தார். அது நன்னா ஞாபகம் இருக்கு."

ஜெயராஜ் வரைந்தது பாட்டியையா என்று யாரும் கேட்பதில்லை.

படைப்பு எவ்வளவு சின்னதோ, சாரின் தகவல் அவ்வளவு பெரிசு. எட்டு நிமிஷப் படத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம். ஒரு பக்கக் கதை என்றால் அரங்கைப் பூட்ட வரும் வாட்ச்மேன்தான் நிறுத்த வேண்டும். செவ்வாயில் தனியாக நிற்கும் இயந்திரத்தைப் பற்றி ஒரு பெண் மூன்று வரிக் கவிதை வாசித்தாள். "ஹைக்கூவுக்கு அவர் தனிப் புத்தகமே போட்டிருக்கார் தெரியுமோ?" என்று எழுந்துவிட்டார். செவ்வாய் அப்படியே அநாதையாக நின்றது. ஒலிக்கதைகளையும் விடுவதில்லை. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடையில், ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பார். இன்னொரு காது, எதிரே வருபவரிடம் தகவல் சொல்லக் காலியாக இருக்க வேண்டுமே.

துணிச்சலான ஒருத்தன் ஒருநாள் மடக்கினான். "சார், கால இயந்திரத்தை வெல்ஸ் 1895-லேயே எழுதிட்டாரே?"

"அவர் இங்கிலீஷ்காரர். அது வேற."

"1963-ல 'கலை அரசி'ன்னு ஒரு படம். வேற்றுக் கிரகத்துக்காரன் வந்து பானுமதியைத் தூக்கிண்டு போவான்."

"அது எம்.ஜி.ஆர். படம்ப்பா!"

புதுமைப்பித்தன் நாற்பதுகளிலேயே கடவுளை பிராட்வே முனையில் இறக்கி, கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்தாரே என்றால், "அது இலக்கியம்" என்பார். அப்பவே என்பதற்கு முன்னால் வேறு அப்பவே கிடையாது.

தேர்தல் நாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திர வடிவமைப்பில் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு என்பதைச் சாவடி அதிகாரிக்கு விளக்காமல் சார் பொத்தானை அழுத்தியதில்லை.

ஆனால் அவர் வீட்டுப் பரணில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா'வை வாராவாரம் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டிய பைண்டு. ஓரத்தில் அவர் அண்ணாவின் பென்சில் கையெழுத்து: 'நான்தான் முதலில் படித்தேன்.' 2021-ம் வருஷத்தில் நடப்பதாக எழுதிய கதை. நிஜ 2021-ல் முகக்கவசத்தோடு அதை மறுபடி படித்தாராம். ஜீனோ என்கிற அந்த இயந்திர நாயைப் பற்றிப் பேசும்போது மட்டும் சார் 'தகவல்' தொனியை விட்டுவிடுவார். செத்துப்போன சொந்த நாயைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். அதைக் கேட்டால் கோபம் போய்விடும்.

திரும்பி வந்துவிடும். ஏனென்றால், அந்தச் செவ்வாய்க் கவிதைப் பெண்ணை அப்புறம் எந்தக் கூட்டத்திலும் காணோம். சார் யாருக்குக் காவல் நிற்கிறாரோ, அந்த மனுஷர் இப்படிச் செய்ததில்லை. யாரென்றே தெரியாத நா. முத்துக்குமாரின் 'தூர்' கவிதையை மேடையில் தானே வாசித்துக் காட்டி, பையனைக் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்தியவர். விகடனில் 'கற்றதும் பெற்றதும்' பத்தியில் புதிதாக எழுத வந்தவர்களை வாசகர்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். 2008-ல் போனார். அதற்குப் பிறகு எழுதிய ஒருவரின் புத்தகத்தையாவது சார் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாரா? தி. நகர் புத்தகக் கடைக்கு மாதம் தவறாமல் போகிறார். போய், சுஜாதாவை எல்லாம் அட்டை தெரிகிற மாதிரி முன்னால் நிறுத்திவிட்டு வருகிறார். பின்னால் மறைந்து போகிறவர்களில் ஜெயமோகனின் 'விசும்பு'ம் உண்டு. அதுவும் அறிவியல் கதைகள்தான் சார்!

பையன்கள் இப்போது சுதாரித்துக்கொண்டார்கள். போன மாதம் ஒருத்தன் படத்தின் முதல் சட்டகத்திலேயே, தயாரிப்பாளரான மாமா பெயருக்கும் முன்னால், 'எழுத்தாளர் சுஜாதாவுக்கு நன்றி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். படம் முடிந்தது. விளக்கு வருவதற்குள் கை எழுந்தது.

"நன்றி போட்டது சரி தம்பி. எந்தக் கதைன்னு போடலையே?"

"நீங்கதான் சார் சொல்லணும்."