பட்டை

எட்டு மாதத்துக்கு முன் 59 வெள்ளி 90 காசு கொடுத்து வாங்கிய பெல்ட், தைப்பூசத்துக்கு மறுநாள் சட்டை உரித்தது. பாம்பு உரித்தால் உள்ளே பளபளவென்று இன்னொரு பாம்பு இருக்கும். இதனுள்ளே சாக்கு நிறத்தில் ஏதோ ஒன்று இருந்தது. பின்பக்கம் மட்டும் 'ஜெனுவின் லெதர்' என்ற பொன்னெழுத்து ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. பொய் சொன்ன இடம்தான் கெட்டி.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவன் இதற்கெல்லாம் ஆச்சரியப்படக் கூடாது. 1880களில் கோலாலம்பூர் அத்தாப்புக் கூரையை விட்டுச் செங்கல்லுக்கு மாறியபோது சூளைகள் எரிந்த இடம் இது. இன்றைக்கு இங்கே புடவை கிடைக்கும், பூ கிடைக்கும், வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். செங்கல் கிடைக்காது. ஜெனுவின் லெதரும் அந்த ஜாதிதான். மாட்டுத் தோலைப் பலகை அறுப்பதுபோல் படுக்கைவாட்டில் அறுக்கலாம். உயிர் இருப்பது மேல் அடுக்கில். அடி அடுக்கை எடுத்துப் பிளாஸ்டிக் பூசி, தோலின் வரிகளையும் அதன் மேல் அழுத்திவிட்டால், 'இதுவும் மாட்டிலிருந்து வந்ததுதானே' என்று வாதாட இடம் இருக்கிறது.

வங்கியில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் கோபம் வந்தால் கைத்தொழில் தொடங்குவான். இனி என் பெல்ட்டை நானே செய்வேன் என்று அறிவித்தேன். யூடியூபில் டெக்சஸ் தொப்பி போட்ட ஒரு பெரியவர், தோலை லேசாக நனைத்து, சுழல் கத்தியால் கோடு கிழித்து, அச்சு உளிகளை வைத்துத் தட்டத் தட்ட, கொடியும் இலையும் எழுந்து நின்றன. என் மனசுக்குள் காஞ்சிபுரம் மாங்காய் பார்டர் ஓடியது. இந்தச் செதுக்கு வேலைக்கு எல்லாத் தோலும் ஆகாது, 'வெஜ் டேன்' தோல்தான் வேண்டும் என்றார் தொப்பிக்காரர்.

ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு கைப்பைக் கடைக்குள் நுழைந்து கேட்டேன்.

"தம்பி, வெஜ் தோல் இருக்கா?"

"மாட்டுத் தோல்ல என்ன அங்கிள் வெஜ்?" என்றவன், சட்டென்று முகம் மலர்ந்து, "ஓ, நீங்க சைவமா!" என்று உள்ளே ஓடினான். 'வீகன் லெதர்' பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். தடவிப் பார்த்தேன். என் பெல்ட் உரித்துப் போட்ட அதே சட்டை. இதற்காக எந்த மாடும் சாகவில்லை என்றான். நம்பினேன்.

பிறகுதான் மிருதங்கம் நினைவுக்கு வந்தது. டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ் கலைப்பள்ளி இருக்கிற ஊரில் தோலுக்கா பஞ்சம்? வாத்தியம் பழுது பார்க்கும் ஒருவரைத் தேடிப் போனேன். ஒரு மிருதங்கத்தின் தொப்பியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நான் சொன்னதைக் கேட்டு ஒரு துண்டு எருமை வாரை என் கையில் கொடுத்தார். கம்பி மாதிரி இருந்தது.

"இது பச்சைத் தோல் சார். மயிரை எடுத்துக் காயவெச்சது, அவ்வளவுதான். நனைஞ்சா இளகும், காஞ்சா இறுகும். இதுல பெல்ட் போட்டுக்கிட்டு பத்துமலையில மத்தியானம் நின்னீங்கன்னா இடுப்புல சுதி ஏறும்."

"அப்ப எனக்கு வேண்டியது?"

"பட்டையில ஊறினது. எங்கப்பா திண்டுக்கல் பக்கம். ஊருக்குள்ள நுழையும்போதே அந்த வாசனை வரும்பாரு."

அந்த ஒரு சொல்லில் வெஜ் டேன் எனக்குத் தமிழாகிவிட்டது. ஆவாரம்பட்டை. திண்டுக்கல்லிலும் திருச்சிச் செம்பட்டிலும் பட்டையை இடித்து, தண்ணீரில் சாறு இறக்கி, தோலை வாரக்கணக்கில் ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய் கொடுத்துத் தேற்றுவார்கள். பட்டையின் துவர்ப்பு தோலுக்குள் இறங்கி அழுகலைத் தடுக்கிறது. வாழைக்காய்ப் பிஞ்சைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளுமே, அதேதான். கம்பெனிக் காலத்துக் கப்பல்களில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டன் போன சரக்கு இது. 2008இல் புவிசார் குறியீடுகூட வாங்கியிருக்கிறது. பின்னால் வந்த குரோம் உப்பு, வாரக்கணக்கான வேலையை ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுகிறது. சோபாவும் கைப்பையும் அதில்தான். மெதுமெதுவென்று இருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும், விழுந்த வேகத்தில் மறைந்தும் போகும். பட்டைத் தோல் அழுத்தியதை மறக்காது. உவமைக்கு என் மனைவி உதவினாள்: "குரோம் தோல்னா உங்கள மாதிரி. எவ்வளவு சொன்னாலும் பதியாது."

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், துவர்ப்புக்கு இந்த மண்ணில் குறைவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் சீனக் குடியானவர்கள் காம்பிர்ச் செடியின் இலையைக் கொதிக்கவைத்துக் கட்டியாக்கி அனுப்ப, இங்கிலாந்துத் தோல் பட்டறைகள் அதை மூட்டை மூட்டையாக வாங்கின. அதே காம்பிர் வெற்றிலைக்கும் போகும். என் அம்மாவின் டப்பாவிலும் உண்டு. கணக்குப் பார்த்தால் அம்மாவின் நாக்கு அறுபது வருடமாகப் பதனிடப்பட்டு வருகிறது. அதன் உறுதிக்கு நான் சாட்சி.

விலைதான் இனி விஷயம். இணையத்தில் தேடினேன். தோலின் கனத்தை அவுன்ஸில் சொல்கிறார்கள். ஒரு அவுன்ஸ் என்றால் அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். பெல்ட்டுக்கு எட்டு அவுன்ஸாவது வேண்டும். வங்கி அட்டை நாலை அடுக்கிவைத்தால் அந்தக் கனம் வரும். என்னிடம் நாலு இருக்கிறது, கனம்தான் இல்லை. சதுர அடி 35, 40, 50 வெள்ளி என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஒருவன் மட்டும் 19 வெள்ளி போட்டிருந்தான். ஏழு சதுர அடி, 133 வெள்ளி. கூரியர் 48. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட சாமானுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி, அதில் 13 வெள்ளி 30 காசு. மொத்தம் 194 வெள்ளி 30 காசு.

வந்து இறங்கியது ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்த ஒரு நீள அப்பளம். மாட்டின் வயிற்றுத் தோல். முதுகுப்பக்கம் நார் நெருங்கி உறுதியாக இருக்கும். வயிறோ புல் தின்னத் தின்ன விரிந்து கொடுத்துப் பழகிய இடம், நார் தளர்ந்து கிடக்கும். விளம்பரத்தின் கீழே கொசு எழுத்தில் 'பெல்லி' என்று போட்டிருந்ததை இரண்டாம் தடவை படிக்கையில்தான் பார்த்தேன். சரி, வயிற்றுத் தோல் வயிற்றுக்கே என்று பெல்ட் வெட்டினேன். ஒரே வாரத்தில் பெல்ட் இரண்டு அங்குலம் வளர்ந்தது. இளைத்துவிட்டேன் என்று நான்கு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன்.

பட்டைத் தோல் கேட்டவனுக்குப் பட்டை நாமம்.

அம்மா அந்தப் பொட்டலத்தைப் பார்த்த அன்றே சொல்லிவிட்டார்: "சாமி ரூம் பக்கம் கொண்டாராத. சொந்தக்காரங்க வந்தா எடுத்து ஒளிச்சு வை." தோலைத் தொடுகிறவனைப் பற்றி நம்மவர்கள் வைத்திருக்கும் எண்ணம், எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று. அதற்கு எந்தக் காலத்திலும் யாரும் வரி போட்டதில்லை, நூறு வருடமாகியும் சட்டை உரிக்கவுமில்லை. மிருதங்கத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் செருப்புத் தைப்பவரிடம் எட்ட நின்று காசு போடுகிற குடும்பம்தான் எங்களுடையதும்.

அடுத்த சனிக்கிழமை சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். மலாயில் 'கூலிட்' என்றால் தோல் என்ற தைரியத்தில் கடை கடையாகக் கேட்டேன். தோலுக்கும் கூலிட், மரப்பட்டைக்கும் கூலிட், புத்தக அட்டைக்கும் கூலிட், முட்டை ஓட்டுக்கும் கூலிட் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு கடையில் நோட்டுப் புத்தக அட்டை காட்டினார்கள். சப்பாத்துச் சாமான் விற்கும் சீனப் பெரியவர் ஒருவர் மட்டும் விஷயம் புரிந்து, ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பின்னால் ஒரு மாடிப்படியைக் கை காட்டினார்.

மேலே முப்பது வயதுப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பைகள் தைத்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்ததும் வந்த வாசனை, மழை பெய்த மறுநாள் காட்டு மரத்தடியில் வருவது. சரியான இடம்.

ஓரத்தை அறுத்துக் காட்டினான். குறுக்குவெட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. குரோமாக இருந்தால் நடுவில் நீலச் சாம்பல் ஓடும் என்றான். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தான். குடித்துக் கறுத்தது. என் கட்டைவிரல் நகத்தைப் பிடித்து அழுத்தினான். பிறை மாதிரி ஒரு கோடு விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. அந்தக் கோட்டை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். முப்பத்தொரு வருடம் முத்திரை குத்தியிருக்கிறேன், ஒன்றுகூட இவ்வளவு அழகாக விழுந்ததில்லை.

தோலைத் திருப்பிப் போட்டான். பின்புறம் மார்க்கரில் 13, அதன் தலையில் சின்னதாக 3. கணக்குப்பிள்ளை மூளை உடனே பெருக்கியது: பதிமூன்றின் மும்மடி 2197.

"தம்பி, இது மாடா, திமிங்கிலமா?"

"அங்கிள், மேல இருக்கறது கால் கணக்கு. பதிமூணே முக்கால் சதுர அடி. டபுள் ஷோல்டர், ரெண்டு தோள்பட்டையும் சேர்ந்தது. அடி 38 வெள்ளி."

522 வெள்ளி 50 காசு. நாக்கு உலர்ந்தது. பெல்ட்டுக்கு மட்டும் ஒரு வார் வெட்டிக் கொடேன் என்றேன். வெட்டினால் மீதியில் கோணல் விழும், அந்தக் கோணலுக்கும் சேர்த்துத்தான் விலை வரும் என்றான். வங்கியில் இதைச் சேவைக் கட்டணம் என்போம். முந்தின நாள்தான் மனைவியிடம் முழுத் தோள் வாங்கினால் மலிவு என்று விளக்கியிருந்தேன். "உங்களுக்கு எத்தனை இடுப்பு?" என்று ஒரே கேள்வியில் அதை முடித்துவிட்டாள்.

ஆனால் கணக்கு என் பக்கம் இருந்தது. இதில் தாராளமாகப் பத்துப் பெல்ட் வெட்டலாம், ஒன்று ஐம்பது வெள்ளி, பத்து வருடமாவது உழைக்கும். வயிற்றில் 194 வெள்ளிக்கு ஒரே பெல்ட், அதுவும் வளரும் பெல்ட். சதுர அடி என்ன விலை என்று கேட்பவன் ஏமாறுவான், அதில் எத்தனை அடி வேலைக்கு ஆகும் என்றுதான் கேட்க வேண்டும். 500 வெள்ளி ரொக்கமாக வைத்தேன். "பரவால்ல அங்கிள்" என்றான். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதால் 480 சொல்லியிருக்கலாமோ என்ற நினைப்பு ஷா ஆலாம் வரை கூடவே வந்தது.

கொம்யூட்டரில் தோல் சுருளை மடியில் வைத்திருந்தேன். எதிரே இருந்த அம்மையார் இரண்டு முறை மூக்கை உறிஞ்சிவிட்டு இடம் மாறினார். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காரின் பின்பெட்டியைத் திறந்து சுருளைப் பதுக்கிவிட்டு, ஒரு வார் மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

பழகுவதற்காக வயிற்றுத் தோலின் மிச்சத்தில் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றார். தோலின் கனத்தில் பாதிக்குமேல் கத்தி இறங்கக் கூடாது. எனக்கு ஓரிடத்தில் மேலாகப் போகும், ஓரிடத்தில் மறுபக்கம் வெளிச்சம் தெரியும்.

"இதுக்குப் பேர் காயம்" என்றார் அம்மா. "இப்படி வெட்டினா மண்டோர் அன்னிக்குப் பேர் போட மாட்டான்."

கத்தியை வாங்கினார். தோட்டத்துப் பெரட்டுக்கு விடியுமுன் எழுந்து முப்பது வருடம் பால்மரம் சீவிய கை. கட்டையில் உளி படாமல், பட்டையை மட்டும் நூல் பிடித்தாற்போல் எடுக்கத் தெரிந்த கை. வயது எழுபத்தொன்பது, லேசான நடுக்கம் வேறு. கத்தி தோலைத் தொட்டதும் நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரு சரிவுக் கோடு, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே ஆழம். அதன் கீழே இன்னொன்று. மூன்றாவதைப் போட்டுவிட்டு, பால் வருகிறதா என்று பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

பிறகு மேஜையிலிருந்த நல்ல வாரை எடுத்து வளைத்தார், முகர்ந்தார். தமிழ்த் தாய்மார் கேட்கும் கேள்வி வந்தது.

"எவ்வளவு குடுத்த?"

500 என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. "இருபது வெள்ளிம்மா."

வழக்கமாக எதைச் சொன்னாலும் "ஏமாந்துட்ட" என்பவர், வாரை இன்னொருமுறை வளைத்துப் பார்த்தார். "பரவாயில்லையே, மலிவாத்தான் இருக்கு" என்றபடி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த இரண்டு இருபது வெள்ளி நோட்டை நீட்டினார். "எனக்கு ஒரு வெத்தலப் பைக்கும் உங்க சித்திக்கு ஒண்ணுக்கும் தோல் வாங்கிட்டு வா. அதே கடையில வாங்கு. மிச்சம் இருந்தா தெங்கு கிளானாவுல பூ வாங்கிக்க."

நோட்டுகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தோலுக்குக் கீழ்த்தளம் வரை போனால் போதும். பூவுக்குத்தான் கிள்ளான் போக வேண்டும்.