துவரை வேறு, உளுந்து வேறு

மூன்று வயதுப் பிள்ளை வீட்டிலேயே கையால் செய்து கற்க இப்போது 'மாண்டிசோரி' பெட்டி வந்துவிட்டது. வரவேற்போம். உள்ளே மரத்தட்டு, இடுக்கி, கிண்ணங்கள், இரண்டு பிடி பருப்பு. துவரையையும் உளுந்தையும் பிள்ளை தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். மளிகைக் கடையில் அது பருப்பு. 'சென்சரி' என்று சீட்டு ஒட்டினால் இரண்டாயிரம் ரூபாய். அறிவுக்கு விலை இருக்காதா?

அந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி, 1907இல் ரோமின் ஏழைக் குடியிருப்பில் பிள்ளைகளைத் தாங்களே கை கழுவவும் பரிமாறவும் விட்டார். பாவம், தவணை வசதி இல்லாத காலம்.

எதிர்வீட்டில் பாட்டி முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தார். பேத்தி ஓடிவந்து இணுக்கை உருவத் தொடங்கினாள். நல்லவேளை, அம்மா பார்த்துவிட்டார். "விடுங்க அத்தை, அவளுக்கு ஆக்டிவிட்டி டைம்!" குழந்தையைத் தூக்கிப் பெட்டிமுன் உட்காரவைத்தார்.

இரண்டாம் பெட்டியும் வந்தாயிற்று. சின்ன முறம், துணியில் தைத்த கீரைக்கட்டு, ஒரு கையேடு. முதல் வரி: "வீட்டுப் பெரியவர் ஒருவர் கதை சொல்லிக்கொண்டே கூட ஆய வேண்டும்."

பாட்டியை ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்ட மறுநாள்தான் அது வந்தது. அம்மா இப்போது யூடியூபில் பாட்டி தேடிக்கொண்டிருக்கிறார்.